முகமில்லாத தாயார்

கதவு படீரென்று திறந்தது. தலையில் அகலத் தொப்பி, கண்ணுக்குக் கீழே முகமூடி, முழங்கை வரை துணி உறை. வந்தவளின் வலது கையில் ஏதோ பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. நகராட்சியின் செய்தித் தொடர்பு அலுவலர் விச்சாய் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார்.

"பணமெல்லாம் கீழ வரி வாங்குற இடத்துல இருக்குங்க," என்றார் பணிவாக.

"படத்தை எடுங்க," என்றாள் வந்தவள்.

அப்போதுதான் அவள் கையில் இருந்தது பணியாரம் கிளப்புகிற கரண்டி என்று தெரிந்தது. விச்சாய் தூக்கிய கைகளை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார்.

அடுத்த மேசையிலிருந்து கந்திமா எழுந்து வந்தாள். "எந்தப் படம்மா?"

"சந்தைத் திறப்பு விழாப் படம். உங்க நகராட்சியோட இணையப் பக்கத்துல போட்டிருக்கீங்களாம். அதுல நானும் இருக்கேன்னு பணியாரம் வாங்க வந்தவங்க சொன்னாங்க. என்கிட்ட அந்த மாதிரி போன் கிடையாது, நான் பார்க்கல. ஆனா என் முகம் அதுல இருக்கக் கூடாது."

விச்சாய் சிரித்தார். "ஊரே அந்தப் படத்துல நாம இல்லையேன்னு அழுதுக்கிட்டிருக்கு. நீங்க என்னடான்னா..."

"விச்சாய் அண்ணே," என்றாள் கந்திமா. அவ்வளவுதான். விச்சாய் தன் கணினிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

தா ச்சின் என்கிற ஆற்றின் கரையில் இருக்கும் அந்தச் சின்ன நகராட்சியில் கந்திமாவுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, இதற்கு ஓர் அலுவலர் வேண்டும் என்று நகராட்சித் தலைவர் தவிசக் ஒரு கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கந்திமா மட்டும், "சட்டத்தைப் படிச்சுட்டுச் சொல்றேன்," என்றாள். படித்தாள். திரும்பவும் படித்தாள். அதற்குப் பிறகு அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டினால் பெயரும் வயதும் எழுதுவதற்கு முன்னால் பிறந்தவரின் சம்மதம் வாங்கியாக வேண்டும். போன வருடம் கணக்காளர் அம்மா சம்மதிக்கவில்லை. வெறும் கிரீமைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்கள்.

"உட்காருங்க," என்றாள் கந்திமா. "எந்தக் கடை?"

"பணியாரக் கடை. உள்ள நுழைஞ்சதும் இடது பக்கம், மீன் கடையை ஒட்டி. என் பேரு..."

"பேரு வேண்டாம். கடை தெரிஞ்சாப் போதும்."

"முகமூடியைக் கழட்டிக் காட்டணுமா?"

"வேண்டாம். முகமும் தரவுதான். தேவைக்கு மேல வாங்கக் கூடாது."

அதனால் அவள் பெயர் கந்திமாவுக்குத் தெரியாது. இந்தக் கதைக்கும் தெரிய வேண்டியதில்லை.

"காரணம் சொல்லணுமா?"

"அதுவும் வேண்டாம்."

கேட்காமல் விட்டதாலோ என்னவோ, அவள் தானாகவே சொன்னாள். "என் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கிட்டிருக்கார். நான் ஊர் மாறினா அவரும் பின்னாடியே வர்றார். போன ஊர்ல கடையை உடைச்சார். அதுக்கு முந்தின ஊர்ல..." என்று சொல்லித் தன் இடது கையை உறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இந்தச் சந்தை எனக்குப் பிடிச்சிருக்கு. இங்கேருந்தும் ஓடணும்னா என்னால முடியாது. எப்பவும் முகமூடியோடதான் இருப்பேன். அன்னைக்குத்தான் உங்க ஆளுங்க வந்து எல்லாரும் கழட்டுங்க, பல்லு தெரியச் சிரிங்கன்னாங்க."

கந்திமா எழுந்தாள். "போங்க. கல்லுல பணியாரம் கருகிடப் போகுது. இதை நான் பார்த்துக்கறேன்."

தலைவர் தவிசக்கோ, படத்தை நீக்க முடியாது என்றார்.

"கந்திமா, நீயே பாரு," என்று கைப்பேசியை நீட்டினார். பணியாரக் கல்லின் மேல் குனிந்து, சூடான பணியாரத்தை ஊதிக்கொண்டிருந்தார் தலைவர். கடை மேடை சரியாக அவர் வயிற்றை மறைத்தது. "முப்பது வருஷ அரசியல்ல தொப்பை தெரியாம வந்த ஒரே படம். என் சம்சாரமே அதைப் பார்த்துட்டு, யாருங்க இதுன்னு கேட்டா."

"அந்தம்மாவுக்கு உரிமை இருக்கு சார். சட்டம்."

"சரிம்மா. நான் இருக்கேன், அந்தம்மா முகத்தை மட்டும் எடுத்துடு."

அது நியாயமாகத்தான் பட்டது. தலைவருக்கு எதிரில், பணியாரக் கல்லுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் முகத்தை விச்சாய் புகைபோலக் கலைத்துவிட்டார். கந்திமா அத்தோடு விடவில்லை. கேமராவில் இருந்த மூலப் படத்தைத் தன் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னாள். தன்னுடைய வாழ்நாளின் நல்ல படத்தைத் தன் விரலாலேயே அழித்த துக்கத்தில் விச்சாய் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஒரு தட்டு பொரித்த நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: தலைவருக்கு எதிர்ல நிக்கிற பொம்பளைக்கு முகமே இல்ல, கவனிச்சீங்களா?

அடுத்தவர் எழுதினார்: நேத்து வரைக்கும் இருந்துச்சு. நான் பார்த்தேன்.

அதற்கடுத்தவர் எழுதியதுதான் வினை: சந்தைக்குப் புதுக் கூரை போடறதுக்காகப் பெரிய மரத்தை வெட்டினாங்க இல்ல? அந்த மரத்துல குடியிருந்த ஆவி, நம்ம தாயார், இப்ப எங்க போவா?

மதியத்துக்குள் பணியாரக் கடை வாசலில், ஆவிகளுக்குப் படைக்கிற சிவப்புக் கலர் சோடா பாட்டில் ஒன்று, உறிஞ்சுகுழல் செருகியபடி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஊதுபத்தி. சாயங்காலம் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன. யாரோ ஒரு பட்டுப் பாவாடையைக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

கந்திமா ஓடினாள். முகமூடிக்கு மேலே பணியாரக்காரியின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சந்தோஷமாக இல்லை.

"கூட்டமே வேண்டாம்னுதானே வந்தேன்," என்றாள் மெதுவாக.

பக்கத்து மீன் கடையில் லம்யாய் அக்கா விரால் மீன் ஒன்றின் தலையில் கட்டையால் ஒரு போடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அகலமான பெண்மணி. கைகள் ஒவ்வொன்றும் ஒரு உலக்கை. "என்னம்மா அதிகாரி, முகத்தை மறைக்கச் சொன்னா கோயில் கட்டிட்டியே," என்று சொல்லிக்கொண்டே ஒரு சிவப்புக் கலர் பாட்டிலை எடுத்து உறிஞ்சினாள்.

"அக்கா, அது தாயாருக்கு வெச்சது," என்று ஒரு பக்தை பதறினாள்.

"தாயார் கோவிச்சுக்க மாட்டா. எனக்குத் தெரியும்," என்றாள் லம்யாய் அக்கா.

கந்திமா அலுவலகத்துக்குத் திரும்பி யோசித்தாள். முகம் புகைபோல இருப்பதால்தானே பேய் என்று நினைக்கிறார்கள்? "அண்ணே, புகையை எடுத்துட்டு ஒரு தாமரைப் பூவை ஒட்டுங்க. பார்த்தாலே யாரோ ஒட்டினதுன்னு தெரியணும்."

தெரியத்தான் செய்தது. யார் ஒட்டினது என்பதில்தான் கருத்து வேறுபாடு. தாயார் கோபம் தணிந்து மலர்ந்துவிட்டாள் என்றார்கள். அடுத்து, படத்தைப் பெரிதாக்கி இதழ்களை எண்ணினார்கள். லாட்டரிக் குலுக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. விச்சாய் எங்கேயோ இலவசமாக எடுத்து ஒட்டிய அந்தத் தாமரையில் வெளியே ஒன்பது இதழ், உள்ளே நான்கு. குலுக்கலில் கடைசி இரண்டு எண் தொண்ணூற்று நான்கு.

அன்று சந்தையில் வெடித்த பட்டாசில் விச்சாயின் மேசை மேலிருந்த காபி குதித்தது. நேர்த்திக்கடன் கழிக்க நாட்டியக்காரிகள் வேனில் வந்து இறங்கினார்கள். கிரீடம் வைத்த மூன்று பெண்கள் மீன் கடைக்கும் பணியாரக் கடைக்கும் நடுவில் ஈரத் தரையில் வழுக்காமல் ஆடினார்கள்.

"சார், இது பேய் இல்லைன்னு அறிவிப்புப் போடலாம்," என்றாள் கந்திமா.

"போடும்மா. ஆனா படம் அப்படியே இருக்கட்டும்," என்றார் தலைவர். படத்துக்கு வந்த விருப்பக் குறிகள் மொத்தமும் தனக்குத்தான் என்று அவர் நம்பினார்.

கந்திமா அரை நாள் உட்கார்ந்து அறிவிப்பை எழுதினாள். எழுதும்போதே சிக்கல் புரிந்தது. அது ஒரு மனுஷி என்று சொன்னால், யார் அந்த மனுஷி என்று கேட்பார்கள். மனுஷி இல்லை என்று சொன்னால் பொய். கடைசியில், "படத்தின் ஒரு பகுதி சட்டப்படி மறைக்கப்பட்டுள்ளது. இதில் அமானுஷ்யமாக எதுவும் இல்லை," என்று மட்டும் போட்டாள்.

ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் கீழே பதில் எழுதினார்: அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். எனவே மறைக்கப்பட்டவர் உயிரோடு இருக்கிறார்.

ஊர் ஒரு நாள் முழுக்க அமைதியாக இதை மென்றது. பிறகு தெளிவுக்கு வந்தது. தாயார் உயிருள்ள ஒருத்தி மேல் இறங்கியிருக்கிறாள். அந்த ஒருத்தி சந்தையில்தான் இருக்கிறாள். அவளைக் கண்டுபிடித்தால் இதழ் எண்ண வேண்டிய வேலை இல்லை. நேரடியாகவே கேட்டுவிடலாம்.

இப்போது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். நேரலையில் பேசிக்கொண்டே கடை கடையாக எட்டிப் பார்த்தார்கள். கந்திமா, "இங்கு படம் எடுப்பது தனிநபர் உரிமையை மீறும் செயல்" என்று பலகை எழுதி மாட்டினாள். தாயாரைப் படம் எடுத்தால் கோபம் வரும் என்று அதற்குப் பொருள் கொண்டு, அந்தப் பலகையைப் படம் எடுத்துப் போட்டார்கள். அதற்கு ஒரு மாலையும் போட்டார்கள்.

இதற்கு நடுவில் தலைவர் அந்தப் படத்தைப் பெரிய பேனராக அடித்துச் சந்தை வாசலில் கட்டிவிட்டார். வயிறு தெரியாத தலைவர் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நின்று பணியாரத்தை ஊதினார். எதிரே தாமரை முகம். சுற்றிலும் வியாபாரிகள், கூடைகள், புதுக் கூரை.

கந்திமா இரவெல்லாம் சட்டத்தைப் புரட்டினாள். ஊருக்கு எப்படி வாய்ப்பூட்டுப் போடுவது என்று அதில் இல்லை. ராஜினாமா செய்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, தான் போய்விட்டால் இந்த நாற்காலியில் விச்சாய் அண்ணன் உட்காருவார் என்பது நினைவுக்கு வந்தது. காலையில் எல்லாருக்கும் முன்னால் அலுவலகத்தில் இருந்தாள்.

அன்றுதான் அந்த ஆள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் இனிப்புப் பெட்டி. நேரே தலைவர் அறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் தலைவர் கண் கலங்கியபடி கந்திமாவைக் கூப்பிட்டார்.

"பாவம்மா இவர். சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போய் வருஷமாகுதாம். ஊர் ஊராத் தேடறாராம். பேனர்ல பூ வெச்ச முகம் அவங்களோடதா இருக்குமோன்னு சந்தேகப்படறார். யாருன்னு சொல்லிடேன்."

வந்தவன் யார் என்பது கந்திமாவுக்கு உடனே புரிந்தது. "அந்தப் பூவுக்குப் பின்னாடி ஆள் இருக்கா இல்லையான்னே நான் சொல்ல முடியாது சார்."

"நான் புருஷன் மேடம்," என்றான் அவன் மிருதுவாக.

"இருக்கலாம். சட்டத்துல அப்படி ஒரு விதிவிலக்கு இல்ல."

"பேரு மட்டுமாவது..."

"எனக்கே தெரியாது. நான் கேட்கல."

"பூ ஒட்டாத படத்தைக் காட்டுங்க."

விச்சாய் வாசலில் நின்று தலையை நீட்டினார். "அழிச்சாச்சுங்க. இவங்கதான் அழிக்க வெச்சாங்க. என் வாழ்நாள்லயே நல்ல படம்." சொல்லும்போதே அவருக்கு ஏதோ புரிந்தது. அந்த ஆளின் இறுகிய கையையும் கந்திமாவின் முகத்தையும் பார்த்தார். இனிப்புப் பெட்டியை எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "உங்க இனிப்பும் உங்க சொந்தத் தரவுங்க. எடுத்துட்டுப் போங்க."

மிருதுவாகப் பேசியவன் இப்போது மேசையில் ஓங்கி அடித்தான். தலைவர் திடுக்கிட்டார். கலங்கியிருந்த கண் உடனே காய்ந்துவிட்டது.

"ஒரு அரசாங்கச் சிப்பந்தி என்னை நிறுத்திடுவியா?" என்றான் கந்திமாவிடம்.

"நிறுத்திட்டுத்தானே சார் நிக்கறேன்," என்றாள் அவள்.

அவன் படியிறங்கினான். "நானே சந்தையில போய்ப் பார்த்துக்கறேன்."

கந்திமா பின்வாசல் வழியாக ஓடினாள். வாடகை மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரை எழுப்பி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைக்கவசம் போடாமல் ஏறினாள். சந்தைக்குள் நுழைந்து பணியாரக் கடைக்கு வந்தால், கல்லுக்குப் பின்னால் லம்யாய் அக்கா நின்று பணியாரம் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"அவங்க எங்கக்கா?"

"ஐஸ் பெட்டிக்குப் பின்னாடி. அந்த ஆளு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பார்த்துட்டா. நீ மூச்சு வாங்காத, சாதாரணமா நில்லு. பணியாரம் வாங்க வந்தவ மாதிரி இரு."

"நீங்க எதுக்கு இங்க..."

"இதென்ன புதுசா? அவ கடையை நான் பார்ப்பேன், என் கடையை அவ பார்ப்பா. சந்தைன்னா அப்படித்தான். இந்தா, சாப்பிடு."

அவன் வாசலில் பேனர் முன்னால் நின்றான். ஊதுபத்திப் புகைக்கு நடுவே தாமரைப் பூவையே உற்றுப் பார்த்தான். பூவுக்குக் கீழே கழுத்து, தோள், கை என்று கண்ணாலேயே அளந்தான். கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். லம்யாய் அக்காவைப் பார்த்தான். திரும்பி, தூரத்தில் தெரிந்த பேனரைப் பார்த்தான். மறுபடியும் அக்காவின் கைகளைப் பார்த்தான்.

"படத்துல இருக்கிறது நீயா?"

லம்யாய் அக்கா கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "தாயார் யார் மேல வேணா இறங்குவா. உனக்கு என்ன நம்பர் வேணும்?"

"ச்சே," என்றான் அவன். "இந்தக் கையைப் பார்த்தாலே தெரியுது. என் பொண்டாட்டி கை குச்சி மாதிரி இருக்கும்."

"கிட்ட வந்து பாரு. சந்தேகம் இல்லாமப் போயிடும்."

அவன் கிட்ட வரவில்லை. இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தது தண்டம் என்று முணுமுணுத்தான். போகிற போக்கில் பேனருக்கு முன்னால் ஒரு கணம் நின்று, தாமரையைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ வேண்டிக்கொண்டான். இதழ்களைக்கூட எண்ணினான் என்று பூக்காரி பிறகு சொன்னாள். பஸ் கிளம்பி, அது பாலத்தைத் தாண்டுகிற வரை கந்திமா கையிலிருந்த பணியாரத்தைக் கடிக்கவில்லை.

பிறகு அப்படியே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, உங்க சமயோசிதம் யாருக்கும் வராது. சட்டுன்னு அவங்க இடத்துல வந்து நின்னீங்க பாருங்க. படத்துல இருக்கிறதே நீங்கதான்னு அவனை நம்ப வெச்சுட்டீங்க."

லம்யாய் அக்கா ஒரு பணியாரத்தைத் திருப்பினாள்.

ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து பணியாரக்காரி எழுந்து வந்தாள். தொப்பி நழுவியிருந்தது. வியர்வையைத் துடைக்க முகமூடியை இறக்கினாள். கந்திமாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை மாதிரி ஒருத்தர் முந்தின ஊர்ல இருந்திருந்தா, நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்," என்றாள்.

"நான் ஒண்ணும் செய்யல. சட்டம்தான். உங்க முகம் ஒரு எடத்துலயும் வெளிய போகல, அதான் காப்பாத்துச்சு." கந்திமாவின் குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "இனி அந்தப் பேனரையும் இறக்கச் சொல்லிடறேன். தலைவர் இன்னைக்கு மறுக்க மாட்டார்."

"ஐயோ, வேண்டாம்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பணியாரக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஈறு தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கந்திமாவுக்குத் தோன்றியது. "ஏன் வேண்டாம்?"

லம்யாய் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ இவ்வளவு பாடுபட்டியே, மனசு நோகுமேன்னுதான் இத்தனை நாளா நாங்க சொல்லலம்மா: அன்னைக்கு உதட்டுச் சாயமெல்லாம் பூசிக்கிட்டு இவ கடையைப் பார்த்துக்கிட்டு நின்ன என் மூஞ்சியைத்தான் நீ மறைச்சே, இவளோ பக்கத்துல இருந்த என் கடையில விராலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாயெல்லாம் பல்லா அந்தப் பேனர்லயே நிக்கறா, இவ சிரிக்கற ஒரே படம் அது, அவனும் அதைப் பார்த்துட்டுத்தான் போனான், ஆனா இவ சிரிச்சு அந்த ஆளு ஒரு நாளும் பார்த்ததில்லையே."